ஏழு மேசைக்கு எட்டுப் பலகை

பெக்கான் நானாஸ் ஊர் நூலகத்துக்குள் நுழைந்து இடது பக்கம் திரும்பினால், இரண்டு தூண்களுக்கு நடுவே சுவர் நீளத்துக்குக் கணினி மேசைகள் தெரியும். ரப்பர் மரத்தில் செய்தவை. ஏழு பேர் உட்காரலாம். அடுத்த முறை போனால் செங்குத்தாக நிற்கும் பலகைகளை எண்ணிப் பாருங்கள். மேசைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டால் பதினான்கு இருக்க வேண்டும். எட்டுதான் இருக்கும். மீதி ஆறு என் வீட்டுப் பின்பக்கம் சாத்திக் கிடக்கின்றன. அதில் ஒன்றில் என் மனைவி ராஜம்மா மிளகாய் காயப் போடுகிறாள். பார்க்கிறவர்கள் இது புது டிசைன் என்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நான் லெட்சுமணன். மாசாயில் மூன்று டன் லாரி வைத்துச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். ஹேமநாதன் என் பக்கத்து வீட்டுக்காரன். வரிசை வீடு என்பதால் அவன் வீட்டில் இருமினால் என் வீட்டில் கேட்கும். ஆனால் பதினோரு வருடம் அவன் இருமலே கேட்டதில்லை. ஆள் வீட்டில் இருந்தால்தானே? விடியற்காலை நாலு மணிக்கு பைக்கை எடுத்தான் என்றால் பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு கேபினட் கம்பெனியில் வேலை. திரும்பி வர ஒன்பது ஆகும். மகள் லோஷினிக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

போன மார்ச் மாதம் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் ஒரு நொடி கண் அசந்துவிட்டான். பைக் கம்பியில் உரசியது. முழங்கை தோல் போனதோடு தப்பித்தான். வீட்டுக்கு வந்து பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி வேலி மேல் வைத்து, இனிமேல் பாலம் தாண்டமாட்டேன் என்று சொன்னான். அவன் மனைவி பிரேமலா வாசலில் நின்றிருந்தாள். நான் லாரி கழுவிக்கொண்டிருந்தேன்.

"தாண்டலன்னா எங்க போவீங்க?"

"எங்கயும் போகலலா. பின்னாடி ஷெட்டு இருக்கு, மெஷின் ரெண்டு வாங்கிக்கலாம். இங்கயே ஆர்டர் எடுத்துச் செய்றேன்."

"எங்க மாமா மகனும் இப்படித்தான் சொன்னாரு. ஆறு மாசம். மெஷின வித்துட்டு மறுபடியும் பைக்ல ஏறினாரு."

"அவரு வேற, நான் வேற."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

பிரேமலா லேசில் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை. பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கியூசி வேலை. வரிசையில் ஓடிவரும் மூடியையும் டப்பாவையும் எடுத்து அளந்து, குறை இருந்தால் தூக்கிப் போடுவது அவள் தொழில். அந்தக் கண்ணை அவள் வீட்டு வாசலில் கழற்றி வைப்பதில்லை. ராஜம்மா கொடுத்தனுப்பும் வடையைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

அன்று வாசலில் நின்றபடியே அவள் சொன்னாள்.

"ஒரு வேலை. பெரிய வேலையா ஒண்ணு. சொன்ன நாளுக்கு, சொன்ன மாதிரி முடிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். முடியலன்னா கனகராஜ் அண்ணன் கூப்பிடறப்ப மறுபேச்சு இல்லாம போயிடணும்."

கனகராஜ் சிங்கப்பூர் கேபினட் கம்பெனியில் போர்மன். ஹேமநாதனோடு சேர்ந்து வேலை பழகியவர். "உன் எடத்த நான் புடிச்சு வச்சிருக்கேன், மனசு மாறினா சொல்லு" என்று சொல்லியிருந்தார். எத்தனை நாளைக்குப் பிடித்து வைக்க முடியும்? ஆகஸ்டில் போன் செய்து, இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் முடிவு வேண்டும், அதற்குமேல் வேறு ஆள் போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

அதே மாதத்தில்தான் நூலக வேலை வந்து சேர்ந்திருந்தது. நூலகப் பொறுப்பாளர் மிஸ் தர்மினி. ஸ்கூடாயில் அவருடைய அக்கா வீட்டுச் சமையலறையை ஹேமநாதன் முன்பு ஒரு லீவு நாளில் சரிசெய்து கொடுத்திருக்கிறான், அந்தப் பழக்கம். சிலோன்காரக் குடும்பம். அப்பா சர்வே இலாகாவில் இருந்தவராம். அதனாலோ என்னவோ அந்தம்மா அளவு விஷயத்தில் கெட்டி. புதிதாக வந்த ஏழு கணினியும் பிளாஸ்டிக் மேசையில் ஆடிக்கொண்டிருந்தன. கடையில் விற்கும் மேசை எதுவும் அந்தச் சுவருக்கு ஒத்துவரவில்லை. தாளில் தானே வரைந்து கொடுத்திருந்தார். தூணுக்குத் தூண் ஏழு மீட்டர் மூன்று சென்டி. மேசை ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். பிளக் பாயிண்டுகளும் மீட்டருக்கு ஒன்றாகச் சுவரில் பதித்தாயிற்று. கனகராஜ் சொன்ன வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை திறப்பு.

மூன்று வாரம் எங்கள் தெருவே மரத்தூள் வாசம். பலகையை நான்தான் பத்து பாகாட்டிலிருந்து ஏற்றி வந்தேன். எங்கள் தாத்தாமார் கத்தி பிடித்துப் பால் எடுத்த மரம். இவன் ரம்பம் பிடித்து மேசை எடுக்கிறான். "மரத்த நாம விட மாட்டோம் போல" என்று கிண்டல் செய்வேன். மத்தியானம் மூன்று மணி ஆனால் மழை வந்துவிடும். தகரக் கூரையில் அது அடிக்கிற சத்தத்தில் ரம்பச் சத்தம் கேட்காது. பிரேமலா காலை ஷிப்ட் முடித்து வந்து, சோறு தின்று, மூக்கில் துணி கட்டிக்கொண்டு சாண்ட்பேப்பரோடு உட்காருவாள். தேய்த்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்து மறுபடி தேய்ப்பாள். லோஷினி பள்ளி விட்டு வந்ததும் ஷெட் வாசலில் நின்று அப்பனைப் பார்ப்பாள். முதல் ஒரு மாதம் தினமும் காலையில் "அப்பா, இன்னைக்கும் லீவா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது கேட்பதை விட்டுவிட்டாள். அந்த வீட்டில் ஒரு ஆண் குரல் பகலில் கேட்பது எனக்கே பழகிவிட்டது.

புதன்கிழமை பழைய போர்வை சுற்றி ஏழு மேசையையும் லாரியில் ஏற்றினோம். பிரேமலா மூன்று நாள் லீவு போட்டிருந்தாள். ஸ்கூடாயில் ஜாம். வழியில் ரொட்டி சானாய் கட்டி வாங்கி லாரியிலேயே தின்றோம். பெக்கான் நானாஸ் போய்ச் சேர்ந்தபோது சாலையோரக் கடைகளில் அன்னாசியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹேமநாதன் நல்ல சட்டை போட்டு வந்திருந்தான். வேலை செய்கிற இடத்துக்கு எவனாவது இஸ்திரி போட்ட சட்டையில் வருவானா? இவன் வந்தான்.

இடது தூணிலிருந்து ஆரம்பித்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. பார்க்க அவ்வளவு அழகு. மிஸ் தர்மினி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். நூலகத்தில் வேலை செய்யும் மலாய்ப் பெண்கள் இரண்டு பேர் வந்து பலகையைத் தடவி "சந்தேக்னியா", எவ்வளவு அழகு, என்றார்கள். ஆறாவது மேசையை வைத்த பிறகு மீதி இடத்தைப் பார்த்தேன்.

ஏழாவது மேசை நுழையவில்லை. ஒரு கை அகலம் வெளியே நின்றது.

"தூண் கோணலா இருக்குமோ?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"தூண் நேராத்தான் இருக்கு அண்ணன்" என்றார் மிஸ் தர்மினி. "நான் மூணு தரம் அளந்தனான்."

பிரேமலா முன்னால் வந்தாள். பையிலிருந்து தன்னுடைய டேப்பை எடுத்தாள். தொழிற்சாலை டேப். முதல் மேசையின் ஓரத்தில் கொக்கியை மாட்டி இழுத்தாள். ஒரு தரம் பார்த்தாள். இரண்டாவது மேசையையும் அளந்தாள். ஏழையும் அளந்தாள். எல்லாம் ஒன்றுபோல ஆயிரத்து இருபது மில்லிமீட்டர்.

"பிளான்ல ஆயிரம்" என்றாள்.

ஹேமநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏங்க, பிளான்ல ஆயிரம்னு போட்டிருக்கு. ஷெட்டு சுவத்துல நான்தான் சாக்பீஸ்ல எழுதி வச்சேன்."

"ஆயிரம் கருப்புல விழுது" என்றான் அவன்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சிங்கப்பூருக்குப் போவதற்கு முன்னால் ஆறு வருடம் மாசாயில் ஒரு சீனர் கடையில் வேலை. சீனர் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்வார்கள். அவர்கள் டேப்பில் எண்ணுக்குப் பக்கத்திலேயே சிவப்பிலும் கருப்பிலும் சீன எழுத்து இருக்கும். அளவு சிவப்பில் முடிந்தால் வீட்டுக்கு நல்லது, கருப்பில் முடிந்தால் ஆகாது. வீட்டுக்காரர்களே டேப்போடு வந்து சரிபார்ப்பார்கள். கடை முதலாளி தௌக்கே ஒரு இஞ்சு கூட்டியோ குறைத்தோ சிவப்பில் கொண்டுவந்து நிறுத்துவார். சமையலறையில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டு மூன்று பெட்டிதான் வரும், ஓரத்தில் மிஞ்சுகிற இடத்துக்கு ஒரு பட்டை அடித்து மூடிவிடலாம். இந்தப் பழக்கம் ஹேமநாதன் கையில் ஒட்டிக்கொண்டது. ராகு காலம் பார்க்கமாட்டான், காலண்டர் தாளைக் கிழிக்க மறந்துபோவான். ஆனால் டேப்பில் கருப்பு வந்துவிட்டால் ரம்பம் ஓடாது.

"ரெண்டு சென்டிதானேன்னு நெனச்சேன்" என்றான். "ஆயிரத்துக்கு அப்புறம் சிவப்பு ஆயிரத்து பத்தொம்போதுலதான் வருது. ஒரு மேசைக்கு ரெண்டு சென்டி யாருக்குத் தெரியப் போகுதுன்னு..."

"ஏழு மேசைங்க."

"ஒவ்வொண்ணாத்தான் நெனச்சேன் பிரேமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"மொத வேலை. நீ வேற அப்படிச் சொல்லிட்ட. கருப்புல ஆரம்பிக்க மனசு வரல."

மிஸ் தர்மினிக்கு இதெல்லாம் முழுசாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. "ஆறு வச்சிட்டு ஒண்ண வேற எடத்துல போடலாம் எண்டா, வேற எடத்துல பாயிண்ட் இல்லை" என்றார் மெதுவாக. "மேலிடத்துக்கு ஏழு எண்டு எழுதியாச்சு. வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள ஏதாவது வழி இருக்கா அண்ணன்?"

"பாக்கறேன் மிஸ்" என்றான் ஹேமநாதன்.

மேசைகளை அங்கேயே விட்டுவிட்டு லாரியில் திரும்பினோம். ரேடியோவைப் போட்டேன். பிரேமலா கையை நீட்டி அணைத்தாள்.

சாயங்காலம் நான் ஹாலில் உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். ராஜம்மாதான் டீவி சத்தத்தைக் குறைத்தாள்.

"கனகராஜுக்கு இப்பவே சொல்லிடறேன். திங்கக்கிழமையிலிருந்து வரேன்னு."

"யாரு சொல்லச் சொன்னா?"

"நீதான சொன்ன? ஒரு வேலை, சொன்ன மாதிரி முடிக்கணும்னு. முடியல. பேச்சுன்னா பேச்சு."

"பிரிச்சு வெட்டுங்க."

"மேல் பலகை, பின் பலகை, தட்டு. ஏழு மேசைக்கும் பிரிச்சு, ரெண்டு சென்டி அறுத்து, தேச்சு, வார்னிஷ் அடிச்சு காயணும். ஒரு வாரம் ஆகும். கையில இருக்கறது ரெண்டு நாளு."

"அப்ப ரெண்டு சென்டி கூட்டறப்ப இது தெரியலையா?"

நாற்காலியைத் தள்ளுகிற சத்தம். பிறகு பிரேமலா குரல் உடைந்து கேட்டது. அவள் அழுது நான் கேட்டதே இல்லை.

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் மூடி அளக்கறேங்க. ஊர்ல உள்ள மூடியெல்லாம் அளக்கறேன். உங்க மேசைய மட்டும் அளக்கல. நீங்க செஞ்சதுன்னு அளக்கல. மூணு வாரம் மடியில வச்சுத் தேச்சேன், ஒரு தடவ டேப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அதற்குமேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை. டீவி சத்தத்தைக் கூட்டினேன். ராஜம்மாவும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பிரேமலா நேராக உள்ளே வந்தாள். முகம் கழுவிய ஈரம் போகவில்லை. எங்கள் ஹால் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"அண்ணே, இந்தச் சுவரு உங்களுதா எங்களுதா?"

ராத்திரி டீவி சத்தம் வைத்ததற்குச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேருக்கும் பொதும்மா. வரிசை வீடாச்சே, ஏன் கேக்கற?"

"உங்க வீட்டுக்கு ஒரு சுவரு, எங்க வீட்டுக்கு ஒரு சுவருன்னு ஒட்டி ஒட்டிக் கட்டலயே?"

"அப்படி எவன் கட்டுவான்?"

"எங்க வீட்டுக்காரரு கட்டியிருக்காரு" என்றாள். "மேசைக்கு மேசை ரெண்டு பலகை ஒட்டிக்கிட்டு நிக்குதுண்ணே. ஒரு பலகை ரெண்டரை சென்டி. ஏழு மேசைக்கு நடுவுல ஆறு எடம். ஆறு எடத்துலயும் ஒரு பலகைய எடுத்துட்டா பதினஞ்சு சென்டி போயிடும். நமக்கு வேண்டியது பதினொண்ணுதான்."

நான் கோப்பியைக் கீழே வைத்தேன். மேசைகளைப் பசை போடாமல் ஸ்குரூவில்தான் இறுக்கியிருந்தான். அந்த மட்டுக்கும் புண்ணியம்.

"அவன்கிட்ட சொன்னியா?"

"அவரு ஷெட்டுல உக்காந்திருக்காரு. நீங்க லாரிய எடுங்க. வழியில சொல்லிக்கலாம்."

வழியில் சொன்னாள். ஹேமநாதன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கைக்குத் தெரிந்ததெல்லாம் தனித்தனிப் பெட்டிதான். பக்கப் பலகையை எடுத்தால் ஒரு பக்கம் மேசைக்குக் கால் ஏது என்றான். பக்கத்து மேசையின் பலகைதான் கால் என்றாள் இவள். கனம் தாங்குமா என்றான். உள்பக்கம் எல் வடிவத்தில் வளைத்த இரும்பு அடித்தால் தாங்கும் என்றாள். தனித்தனியாக நகர்த்த முடியாதே என்றான்.

"நூலகத்துல மேசைய யாருங்க நகத்தப் போறா?"

ஸ்கூடாய் தாண்டியதும் அவன் மிஸ் தர்மினியின் தாளைத் திருப்பிப் போட்டு, முழங்காலில் வைத்து, பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தான். "பாயிண்டும் ஓட்டைக்கு நேராத்தான் வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெக்கான் நானாஸ் வரும்வரை தலை நிமிரவில்லை.

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. செய்யும்போது தெரிந்தது. தரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தனித்தனி மேசையாக இருந்தபோது காலுக்கு அடியில் அட்டை வைத்து ஏமாற்றலாம். ஒன்றோடொன்று சேர்த்தால் முதல் மேசையில் விட்ட ஒரு மயிரிழை ஆறாவது மேசையில் ஒரு விரலாக வந்து நிற்கும். மட்டம் பார்த்து, சீவி, மறுபடி மட்டம் பார்த்து, வியாழக்கிழமை முழுவதும் இரண்டு மேசைதான் சேர்ந்தது. தூணின் அடியில் ஒட்டிய டைல் வேறு இரண்டு பக்கமும் ஒரு சென்டி தின்றிருந்தது. நாலு சென்டி மிச்சம் என்று போட்ட கணக்கு இரண்டாகிவிட்டது. ஒவ்வொரு சேர்க்கையிலும் கொஞ்சம் கொஞ்சம் போனால் ஏழாவது உட்காருமா என்று யாரும் சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே மிஸ் தர்மினி கதவைத் திறந்து வைத்திருந்தார். எங்களுக்கு நாசி லெமாக் வாங்கி வைத்திருந்தார். "சாப்பிட்டுட்டுச் செய்யுங்கோ" என்றார். ஹேமநாதன் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. மூன்றாவது மேசை சேர்ந்தது. பதினொன்றரைக்கு நாலாவதைச் சேர்க்க ஆரம்பித்தோம். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மலாய் ஊழியர்களில் ஆண்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் பெண்கள் சாப்பாட்டுக்கும் கிளம்பினார்கள். மிஸ் தர்மினி முன்கதவைச் சாத்திவிட்டு ஆபீசுக்குள் போனார். ஏர்கான் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

நாலாவது மேசையின் திறந்த பக்கத்தை நான் தோளில் தாங்கிப் பிடித்திருந்தேன். ஹேமநாதன் அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையால் இரும்பை அழுத்திக்கொண்டு மறு கையால் டிரில்லைத் தூக்கினான். மரத்தூள் அவன் கண்ணிமை மேலெல்லாம். அப்போது போன் அடித்தது. அவன் போன் பிரேமலாவின் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"கனகராஜ் அண்ணன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கை ரெண்டும் கட்டிப்போட்ட மாதிரி. விட்டால் இரும்பு நழுவும், நான் விட்டால் மேசை அவன் நெஞ்சில் விழும்.

"நீயே பேசு" என்றான் கடைசியில். "திங்கக்கிழமை வரேன்னு சொல்லிடு. பேச்சுன்னா பேச்சு."

பிரேமலா போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, நான் பிரேமலா பேசறேன்... இருக்காருண்ணே, மேசைக்கு அடியில படுத்திருக்காரு... ஆமாண்ணே, அதுக்குத்தான் கூப்பிடறீங்கன்னு தெரியும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரிசையைப் பார்த்தாள். சேர்ந்த மூன்று, என் தோளில் ஒன்று, சுவரோரம் பிரித்துப் போட்ட மூன்று. வலது தூண் தூரத்தில் இருந்தது. அவள் கண் அதை அளந்ததை நான் பார்த்தேன்.

"இல்லண்ணே, வரமாட்டாரு" என்றாள். "ஆமா, நல்லா யோசிச்சுத்தான்... அடுத்த வேலையா? இன்னும் ஒண்ணும் வரலண்ணே... வரும். வேற ஆளப் போட்டுக்குங்க. இத்தன நாள் புடிச்சு வச்சிருந்தீங்க, மறக்க மாட்டோம்."

போனைப் பைக்குள் போட்டாள்.

மேசைக்கு அடியில் அவன் அசையாமல் கிடந்தான். எனக்குத் தோள் கடுத்தது.

"பிரேமா" என்று மெதுவாகக் குரல் வந்தது. "இன்னும் மூணு பாக்கி இருக்கு. கடைசி உக்காருமா இல்லையான்னு தெரியாம சொல்லிட்டியே?"

அவள் தரையில் மண்டியிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தாள். தாவணி கட்டின காலத்தில் அவனை எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படிப் பார்த்தாள் என்று பிற்பாடு நான் ராஜம்மாவிடம் சொன்னேன். முந்தானை நுனியால் அவன் இமை மேலிருந்த தூளைத் துடைத்துவிட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றதுக்கு யாரு வேணா போதும், நான் எதுக்குங்க?" என்றாள். "ஸ்குரூவ முடுக்குங்க. அண்ணன் எவ்வளவு நேரம் தாங்குவாரு?"